தாக்ரே செய்த தொட்டில்

ஸ்கார்த்விக் மாளிகை, யார்க்‌ஷயர்
11 ஜனவரி 1960

அன்புள்ள லெட்டி,

நீயும் உன் கணவரும் சுகம்தானே? இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மேற்குப் பக்கத்துக் கூரை ஒழுகுகிறது. அதற்கு என்னைவிட வயது அதிகம் என்பதால் ஒன்றும் சொல்லாமல் வாளி வைத்திருக்கிறேன். அப்பா போன பிறகு இவ்வளவு பெரிய வீட்டில் நானும் சமையல்கார மிஸஸ் டாட்ஸ்வொர்த்தும் மட்டும்தான். அவள் பேச்சுக்கு நாலு பேர் சமம், அதனால் வீடு வெறிச்சென்று இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏபல் தாக்ரே பிறந்து இந்த ஜூலையோடு இருநூற்றைம்பது வருஷம் ஆகிறது. நம் பக்கத்துத் தச்சன் மகன் லண்டனுக்குப் போய், இங்கிலாந்தின் பாதி மாளிகைகளில் உட்காரவே பயமாக இருக்கும் நாற்காலிகளைச் செய்து வைத்துவிட்டுப் போனாரே, அவருக்குக் கோடை முழுவதும் விழா எடுக்கப் போகிறார்கள். மூன்று மாளிகைகளில் கண்காட்சி. அதில் நம் வீடும் ஒன்று. தொடக்க விழா எங்கே என்பதில்தான் போட்டி. பிரான்ஸ்டன் மாளிகையில் தாக்ரே செய்த பெரிய கட்டில் இருக்கிறது, பட்டுத் திரையும் இறகுக் குஞ்சமுமாக. அந்த வீட்டுக்காரி அதைப் பற்றிப் பேசும்போது தானே செதுக்கியதுபோலத் தலையை ஆட்டுகிறாள்.

ஆனால் தாக்ரே தன் வாழ்நாளில் செய்த தொட்டில் ஒன்றே ஒன்று. அது நம்முடையது. விழாக்குழுவின் செயலாளர் திரு. ஸ்டேவ்லி அதன் பெயரைக் கேட்டதும் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். தொட்டில் வந்தால் தொடக்க விழா ஸ்கார்த்விக்கில்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் பிள்ளை பெறும் மகள் எங்கே இருந்தாலும் தொட்டில் அவளிடம் போகும். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குத் திரும்பி வரும். உன் விஷயத்தில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றுதான் இருபது வருஷத்துக்கு மேலாக நான் வாய் திறக்கவில்லை. இப்போது அதை அனுப்பிவை, லெட்டி. கப்பலில் ஆறு வாரம் ஆகும். கட்டி அனுப்பும் செலவைக் குழு பார்த்துக்கொள்ளும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்


க்ளென்டாரா, ஒடாகோ, நியூசிலாந்து
3 பிப்ரவரி 1960

அன்பு அக்காவுக்கு,

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஈரக் காற்றில் படி ஏறி இறங்காதே. நாங்கள் நன்றாக இருக்கிறோம். இங்கே நல்ல வெயில்.

ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்கள் போன வாரம்தான் கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிடுகிறவர்களை நீ பார்த்திருக்க மாட்டாய். அதில் ஒருவன், "அம்மா, உங்க ரொட்டிய விட்டுட்டுப் போறதுக்கு மனசே வரல, ஆட்ட விட்டுட்டுப் போலாம்னு இருக்கேன்" என்றான். யூவனுக்கு முதுகுவலி. சொன்னால் கேட்கிற மனிதர் இல்லை, வேலியடைக்கப் போய்விட்டார். எங்கள் பழைய நாய் செத்துப்போயிற்று. புதிதாக ஒரு குட்டி வந்திருக்கிறது, ஆடுகளைக் கண்டால் அது பயந்து ஓடுகிறது.

கூரைக்கு ஆள் பார்த்தாயா? தாக்ரேக்கு விழா என்று கேட்க எனக்கும் சந்தோஷம். நீண்ட கூடத்து நாற்காலிகளைத் துடைக்கும்போது முதுகுப் பக்கத்தில் பிடித்துத் தூக்கவிடாதே. மிஸஸ் டாட்ஸ்வொர்த்தை நான் விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லெட்டி


ஸ்கார்த்விக்
15 பிப்ரவரி 1960

அன்புள்ள லெட்டி,

எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. கடிதத்தில் ஆடு இருக்கிறது, நாய் இருக்கிறது, கத்தரிக்க வந்தவர்கள் தின்ற ரொட்டிகூட இருக்கிறது. தொட்டில் மட்டும் இல்லை. மறந்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே வீடே தலைகீழாகக் கிடக்கிறது. குளிர்காலத்துக்காக மூடிவைத்த துணி உறைகளையெல்லாம் உருவிவிட்டோம். திரு. ஸ்டேவ்லி ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் தவழ்ந்து கையில் விளக்கோடு ஆராய்ந்துகொண்டிருக்கிறார். நேற்று ஒரு மேஜைக்கடியிலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது: "மிஸ் ஆல்ட்வார்க், தொட்டில எங்க வைக்கப் போறீங்க? வெயில் நேரா படக் கூடாது."

"சன்னலுக்கு எதிர்ப்பக்கம் மேடை போடலாம்னு இருக்கேன்," என்றேன்.

கரி கொண்டுவந்த மிஸஸ் டாட்ஸ்வொர்த் அங்கேயே நின்றுவிட்டாள். "நல்லாருக்கு கூத்து! வீட்டுல ஒரு பச்சப்புள்ள கெடையாது. கெழவிங்க ரெண்டு பேருதான். நாம வேணா மாறி மாறிப் படுத்துக்கலாம், மிஸ் ஹெஸ்டர். ஸ்டேவ்லி சார் ஆட்டிவிடுவாரு." மனிதர் மேஜையில் தலையை இடித்துக்கொண்டார்.

எந்தக் கப்பலில் ஏற்றுகிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் இருவர் உடல்நலத்துக்கும் என் பிரார்த்தனை.

ஹெஸ்டர்


க்ளென்டாரா
8 மார்ச் 1960

அன்பு அக்காவுக்கு,

நலமா? உன் கடிதத்தை யூவனுக்குப் படித்துக் காட்டினேன், மிஸஸ் டாட்ஸ்வொர்த் சொன்ன இடம் வரைக்கும். சிரித்தார்.

மறக்கவில்லை அக்கா. எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். தொட்டிலை அனுப்ப முடியாது. கண்காட்சியில் வைக்கிற நிலையில் அது இல்லை. இந்த ஊரின் ஈரமும் பனியும் நம் ஊர் மாதிரி இல்லை. திரு. ஸ்டேவ்லியிடம் ஏதாவது நல்லபடியாகச் சொல்லிவிடு. கண்ணாடி மேஜை இருக்கிறது, பன்னிரண்டு நாற்காலி இருக்கிறது, சீனப் பறவை செதுக்கிய அலமாரி இருக்கிறது. அது போதாதா?

இதைப் பற்றி இனி என்னைக் கேட்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். யூவனுக்கு மட்டும் எழுதிவிடாதே.

இங்கே இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. நீ சூடாக உடுத்திக்கொள்.

லெட்டி


ஸ்கார்த்விக்
22 மார்ச் 1960

லெட்டி,

நான் சுகம். உன் சுகத்தையும் விரும்புகிறேன், கோபத்தோடு இருந்தாலும்.

"அந்த நிலையில் இல்லை" என்றால் என்ன அர்த்தம்? பூச்சி அரித்திருந்தால் மருந்து உண்டு. மேலே ஒட்டிய மெல்லிய பலகை உரிந்திருந்தால் ஒட்டுகிறவர்கள் உண்டு. கால் உடைந்திருந்தால் உடைந்த காலோடு அனுப்பு. திரு. ஸ்டேவ்லி உடைந்த சாமானைக் கண்டால் இன்னும் உருகுகிற மனிதர். அதைத் தெரிந்துகொண்டும் நீ இப்படி மழுப்புகிறாய் என்றால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. கேட்டுவிடுகிறேன். விற்றுவிட்டாயா?

கஷ்டகாலத்தில் விற்றிருந்தால் அதைச் சொல். யாருக்கு என்று சொல். திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. அந்தத் தொட்டிலில் அம்மா படுத்திருக்கிறாள், நான் படுத்திருக்கிறேன், நீ படுத்திருக்கிறாய். நீ படுத்திருந்தபோது அதை ஆட்டிவிட்டதே நான்தான். உனக்குப் பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் வைக்கோலும் பஞ்சும் சுற்றி நானே என் கையால் கட்டி அனுப்பினேன். எனக்கு வாய்க்காதது உனக்கு வாய்க்கிறதே என்று அன்றைக்கு எனக்கு இருந்த வயிற்றெரிச்சலைக்கூடப் பக்கத்தில் வரவிடாமல்தான் கட்டினேன். அது உன் சொத்து இல்லை. இந்த வீட்டுச் சொத்து.

கண்காட்சிக் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. ஏழாம் எண், தொட்டில், ஸ்கார்த்விக். நான் பொய்க்காரியாக நிற்க மாட்டேன்.

ஹெஸ்டர்


ஸ்கார்த்விக்
19 ஏப்ரல் 1960

லெட்டி,

நான்கு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் தந்தி அடித்திருப்பாய் என்று என்னையே சமாதானம் செய்துகொள்கிறேன்.

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். திரு. ஸ்டேவ்லிக்கு டனீடினில் ஒரு நண்பர் இருக்கிறார். திரு. பிளைத் என்று பெயர், பழைய சாமான்களைக் கட்டி அனுப்புவதில் கைதேர்ந்தவராம். அளவு கொடுத்தாயிற்று. அதற்கேற்ற மரப்பெட்டியோடு மே முதல் வாரத்தில் உங்கள் பண்ணைக்கு வருவார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், கதவைத் திறந்தால் போதும். உன் கணவரிடம் சொல்லிவை.

விற்றிருந்தால் அவரிடமே உண்மையைச் சொல்லிவிடு. என்னிடம் சொல்ல முடியாததை அந்நியரிடம் சொல்வது சில சமயம் சுலபம்.

சுகமாக இரு.

ஹெஸ்டர்


க்ளென்டாரா
6 மே 1960

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

திரு. பிளைத் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். உன் கடிதம் மத்தியானத் தபாலில் வந்தது. நான் கோழிக்கூண்டில் இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு வருவதற்குள் யூவன் வாசலுக்குப் போய்விட்டார்.

"ஐயா, மிஸ் ஆல்ட்வார்க் அனுப்பி வந்திருக்கேன். பெட்டியும் கொண்டாந்திருக்கேன். தொட்டில் எங்க இருக்குன்னு காட்டினீங்கன்னா போதும், நானே எடுத்துக்குவேன்."

யூவன் வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, "மேல இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அந்த மனிதர் கூரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்க," என்று யூவன் தொப்பியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குன்றின் மேல் ஏறினார்கள். திரு. பிளைத் கையில் பஞ்சு மூட்டையோடு பின்னால் போனார். நான் வாசலிலேயே நின்றேன்.

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எல்ஸ்பெத்தைக் குன்றின் மேல் புதைத்தோம் என்று அப்போதே எழுதினேன். எதில் வைத்துப் புதைத்தோம் என்று எழுதவில்லை.

அந்த ஜூலையில் பனி வேலிக்கு மேல் ஏறிக் கிடந்தது. கக்குவான் இருமல். டாக்டர் பாலம் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வழியில்லாமல் திரும்பிப் போனார். நாலு நாள் இருமினாள். பிறகு இருமவில்லை. இந்த ஊரில் மரமே கிடையாது அக்கா. ஒரு பலகை வேண்டுமென்றாலும் வண்டியில்தான் வரவேண்டும். இருந்த பலகையையெல்லாம் அவள் அறை சூடாக இருக்கட்டும் என்று எரித்துவிட்டோம். யூவன் சாப்பாட்டு மேஜையை உடைக்கக் கோடரியை எடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் தொட்டிலில் படுத்திருந்தாள். அவளை அதிலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை. "எடுக்காத, அப்படியே இருக்கட்டும்"னு சொன்னேன்.

அலமாரிக் கதவைக் கழற்றி யூவன் மேலே மூடினார். தூக்கும்போது அது ஆடியது. தொட்டில் அல்லவா, ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டு, ரம்பத்தால் இரண்டு வளைந்த கால்களையும் அறுத்தார். தாக்ரே செய்த கால்கள். அறுக்கும்போது அவர் அழுத சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் பேசினதும் இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லத்தான் இருந்தேன். குழந்தை போன செய்தி கேட்டு நீ எழுதிய ஆறுதல் கடிதம் பனி விலகின பிறகு வந்தது. நல்ல கடிதம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், தொட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடாதே, சூட்டில் பலகை உரிந்துவிடும் என்று. அதைப் படித்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

திரு. பிளைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது" என்றார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பெட்டியை வண்டியில் ஏற்றச்சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அவருக்கும் ஏற்றத் தோன்றவில்லை. உள்ளே வெள்ளைக் கம்பளி வைத்துத் தைத்த பெட்டி. அந்த அளவிலேயே. இன்னும் முற்றத்தில் கிடக்கிறது. யூவன் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

நான் எதையும் விற்கவில்லை.

லெட்டி


ஸ்கார்த்விக்
17 மே 1960

லெட்டி,

என் கண்ணே. உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. தினமும் உட்கார்ந்து எழுதுகிறேன், எதுவும் சரியாக வரவில்லை. அந்த ஒரு வரியை நான் எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் எழுதியிருக்கிறேன் என்பதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

நீ பதில் எழுத வேண்டாம். சாப்பிடு. யூவனையும் சாப்பிடச் சொல்.

ஹெஸ்டர்


ஸ்கார்த்விக்
2 ஜூன் 1960

அன்புள்ள லெட்டி,

நீயும் யூவனும் எப்படி இருக்கிறீர்களோ தெரியவில்லை. எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், இருந்தாலும் தபால்காரன் சைக்கிளைக் கண்டால் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஒன்றை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். திரு. பிளைத் நடந்ததையெல்லாம் திரு. ஸ்டேவ்லிக்கு எழுதிவிட்டார். அவர் நேற்று வந்தார். தொப்பியைக் கழற்றி, மிகவும் வருத்தம் என்றார். வருத்தம் உண்மையானதுதான். பிறகு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மகோகனி குளிர்ந்த மண்ணுல நல்லாத் தாங்கும், மிஸ் ஆல்ட்வார்க். இருபது வருஷம்லாம் அதுக்கு ஒண்ணுமேயில்ல. மரியாதையா, பாதிரியார வெச்சுக்கிட்டு, குழந்தைய வேறொரு நல்ல பெட்டியில..."

நான் எழுந்து, "வெளியில போங்க" என்றேன். கதவுக்கு வெளியே நின்ற மிஸஸ் டாட்ஸ்வொர்த் அவருடைய குடையை எடுத்து மழையில் வீசினாள். "குடைய எடுக்கணும்னா நீங்களும் மண்ணுல தோண்டிக்குங்க" என்றாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல அக்காவாக உனக்குத் தெரிவேன். ஆனால் உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு அந்த எண்ணம் வந்தது, லெட்டி. உன் கடிதத்தைப் படித்து அழுதுகொண்டிருக்கும்போதே வந்தது. மரம் இன்னும் நன்றாக இருக்குமோ என்று. ஒரு கணம்தான். ஆனால் வந்தது. இந்த வீட்டில் ஒண்டியாகச் சாமான்களோடு இருந்து இருந்து நான் இப்படி ஆகிவிட்டேன்.

அவர் நேராக யூவனுக்கே எழுதினாலும் எழுதுவார். அப்படி எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் அடுப்பில் போடு.

உன் அக்கா


க்ளென்டாரா
13 ஜூன் 1960

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே அவர் கடிதம் வந்துவிட்டது. யூவன் பெயருக்கு வந்ததால் அவரே பிரித்தார். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து வேலை முடிந்ததும் குன்றின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறார். பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயசு. சாப்பாட்டை மேலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

"வீட்டுக்குள்ள வாங்க. யாரும் வர மாட்டாங்க" என்றேன் நேற்று.

"உங்க அக்கா வருவா. அவ வீட்டுச் சாமான் அது. கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு என்ன உரிம இருக்கு? ரம்பம் போட்டவன் நான்தானே" என்றார்.

நான் சொன்னால் நம்ப மாட்டார். நீ அவருக்கு எழுது. கல்யாணமான நாளிலிருந்து நீ அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதினதில்லை. எனக்கு எழுதும் கடிதங்களில் "உன் கணவர்" என்று மட்டும் விசாரிப்பாய். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய். சீக்கிரம் எழுது.

லெட்டி


ஸ்கார்த்விக்
20 ஜூன் 1960

அன்புள்ள யூவன் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பி எழுதுகிறேன். இத்தனை வருஷம் எழுதாததற்கு என் கர்வம்தான் காரணம். நீங்கள் ஆடு மேய்க்கிறவர் என்று அப்பா சொன்னதை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டில் ஸ்கார்த்விக்கின் சொத்து என்று நான் எழுதினேன். இப்போது ஸ்கார்த்விக் என்றால் நான் ஒருத்திதான். அந்த உரிமையில் சொல்கிறேன். அது உங்கள் மகளுடையது. வக்கீலை வரவழைத்து அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்குப் பிறகு வருகிறவர்கள்கூட அதைக் கேட்க முடியாது. விழாக்குழுவுக்கும் எழுதியாயிற்று. யாரும் வர மாட்டார்கள்.

அன்றைக்கு நீங்கள் செய்தது தப்பு என்று நினைக்காதீர்கள். குழந்தையை வெறும் மண்ணில் வைக்காமல், எங்கள் வீட்டில் இருந்ததிலேயே நல்லதில் வைத்தீர்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்திருப்பேன்.

பனியில் உட்காராதீர்கள். உள்ளே போங்கள். என் தங்கைக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை.

மரியாதையுடன்,
ஹெஸ்டர் ஆல்ட்வார்க்


ஸ்கார்த்விக்
17 ஜூலை 1960

அன்புள்ள லெட்டி,

யூவன் கைப்பட எழுதிய இரண்டு வரி வந்தது. "கடிதம் கிடைத்தது. பெட்டியை உடைத்து நாய்க்கு வீடு செய்துவிட்டேன்." அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அவர் வீட்டுக்குள் படுக்கிறார் என்று நீ எழுதியதையும் படித்தேன். உன் சளி குறைந்ததா? எனக்கு முழங்கால் பரவாயில்லை.

தொடக்க விழாவைப் பிரான்ஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை நடந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று பெரிய மனிதர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். தாக்ரேயின் கை, தாக்ரேயின் கண் என்று. என்னைப் பற்றி முணுமுணுப்பும் கேட்டது. அச்சிட்ட கையேட்டில் போட்டுவிட்டு ஏமாற்றிவிட்டாளாம். பேசட்டும் என்று இருந்தேன். அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் எடுத்தது.

நேற்று நம் வீட்டைத் திறந்தோம். காலையிலேயே லீட்ஸிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பெண்கள். தையல் ஆலையில் வேலை செய்கிறவர்கள், வருஷத்துக்கு ஒரு நாள் சுற்றுலாவாம். உட்கார்ந்துவிடுவார்களோ என்று நாற்காலிகளின் மேலெல்லாம் முள்காய் வைத்திருந்தேன். மிஸஸ் டாட்ஸ்வொர்த் தேநீர்க் கடையில் ராணி மாதிரி நின்றாள்.

நீண்ட கூடத்தில் சன்னலுக்கு எதிரே போட்ட மேடையை நான் எடுக்கவில்லை. எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பருமனான ஒரு அம்மாள் கையேட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா, ஏழாம் நம்பரு எங்க? இது காலியால்ல கெடக்கு. அதப் பாக்கத்தானே நான் வந்ததே."

மன்னிக்கணும், இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு மாதமாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வேறு வந்தது.

"அதுல குழந்த தூங்குது," என்றேன்.

"இப்பவுமா? அந்தத் தொட்டில்லயா?"

"ஆமா. என் தங்கச்சி மக. நியூசிலாந்துல இருக்கா."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பின்னால் திரும்பி, "ஏய் டோரா, கேட்டியா! தொட்டில்ல இன்னும் குழந்த படுத்திருக்காம்!" என்று கூவினாள். நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். "அதானே பின்ன? குழந்த படுக்கத்தானே அந்த மனுஷன் செஞ்சாரு. கயிறு கட்டி வேடிக்க காட்டவா செஞ்சாரு?" என்றாள் ஒருத்தி. பிரான்ஸ்டனில் அத்தனை பேர் பேசியும் இதை யாரும் சொல்லவில்லை, லெட்டி.

"எத்தன மாசம்?"

"அஞ்சு மாசம்."

"தவழ ஆரம்பிக்கப் போறா. அப்புறம் தொட்டில்ல நிக்கவே மாட்டா, பாத்துக்குங்க. பேரு என்ன வெச்சிருக்காங்க?"

"எல்ஸ்பெத்."

"நல்ல பேரு," என்றாள் அவள். மற்றவர்களும் நல்ல பேரு, நல்ல பேரு என்றார்கள். பிறகு கண்ணாடி மேஜையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கேயே நின்று நன்றாக அழுதேன், பட்டப்பகலில், வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு. அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உனக்கு எழுதும்போதுகூடக் "குழந்தை" என்று மட்டும்தான் எழுதிவந்திருக்கிறேன். ஒருத்தியைப் போய்ப் பார்க்காமல், தூக்காமல், பெயரும் சொல்லாமல் இருந்துவிட்டு, அவள் படுத்திருந்த பலகையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் போன நாள் இந்த மாதக் கடைசியில் வருகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் மேலே போகும்போது, நான் விசாரித்ததாக அவளிடம் சொல்.

எல்ஸ்பெத்தின் பெரியம்மா,
ஹெஸ்டர்